கோரியாக் மக்களும் அவர்கள் மொழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோரியாக் என்பவர்கள் கொரியர்களா?

இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டு பெயர்களும் ஒன்றுபோலத் தெரிவதால் இந்தக் குழப்பம் வருகிறது. கொரியா தீபகற்பத்துக்கும் இவர்களுக்கும் இனத்தாலோ மொழியாலோ உறவு இல்லை. கோரியாக் மக்கள் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், கம்சாத்கா தீபகற்பத்தின் வடபாதியிலும் அதை ஒட்டிய பெருநிலத்திலும் வாழும் தொல்குடிகள். ஒரு பக்கம் ஒகோத்ஸ்க் கடல், மறுபக்கம் பெரிங் கடல். வடக்கே சுக்சி மக்கள், தெற்கே இத்தெல்மென் மக்கள், இடையிடையே ஏவென் மக்கள்.

பெயர் எங்கிருந்து வந்தது? அவர்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்களா?

"கோரியாக்" வெளியார் வைத்த பெயர். 17-ஆம் நூற்றாண்டில் கிழக்கே வந்த ரஷ்யக் கொசாக்குப் படையினர் இதைப் பரப்பினார்கள். பனிமானைக் குறிக்கும் "கோர" என்ற வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பதே பெரும்பாலோர் கருத்து. வேடிக்கை என்னவென்றால், இவர்களில் பெரும் பிரிவினரின் பேச்சில் பழைய "ர்" ஒலி "ய்" ஆகிவிட்டது. பனிமானுக்கு அவர்கள் சொல்லும் சொல் "கோயாங". தங்கள் பேச்சின்படி அவர்களே பெயர் வைத்திருந்தால் அது "கோரியாக்" ஆகியிருக்காது.

அவர்களாகச் சொல்லிக்கொள்ளும் பெயர்கள் இரண்டு. உள்நாட்டில் மந்தையோடு அலைந்தவர்கள் "சாவ்சுவென்", அதாவது பனிமான் செல்வம் உடையவர்கள். கடலோரத்தில் ஊர் கட்டி உட்கார்ந்தவர்கள் "நிமிலான்", அதாவது ஊரார். இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகளுக்கு "எந்தக் கோரியாக்?" என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. வீடு, சாப்பாடு, வண்டி இழுக்கும் விலங்கு, ஏன், மொழிகூட இரு சாராருக்கும் வேறு.

எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2002 கணக்கெடுப்பில் 8,743 பேர், 2010-இல் 7,953 பேர். மிகப் பெரும்பாலோர் கம்சாத்காவில். மகதான் மாகாணத்திலும் சுகோத்காவிலும் சிறு எண்ணிக்கையில் உண்டு. கோரியாக் மொழி தெரியும் என்று 2010-இல் சொன்னவர்கள் 1,665 பேர். அதற்கு எட்டு ஆண்டு முன்பு இது 3,000-க்குச் சற்று மேல். கணக்கெடுப்பில் "மொழி தெரியும்" என்பது தன்வாக்குமூலம். பாட்டியிடம் நாலு சொல் கேட்டவரும் அதில் அடங்குவார், மந்தையில் நாள் முழுக்க அதிலேயே பேசுபவரும் அடங்குவார். எண்ணை அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோரியாக் தன்னாட்சி வட்டாரம் இப்போதும் இருக்கிறதா?

பெயர் இருக்கிறது, பழைய அதிகாரம் இல்லை. 1930 டிசம்பர் 10 அன்று தேசிய வட்டாரமாக அமைக்கப்பட்டது. பின்னர் தன்னாட்சி வட்டாரம் ஆனது. 2005 அக்டோபர் 23 அன்று நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 2007 ஜூலை 1 முதல் கம்சாத்கா மாகாணத்தோடு இணைந்து "கம்சாத்கா பிரதேசம்" ஆனது. அதற்குள் தனிநிலை கொண்ட நிர்வாகப் பகுதியாகக் கோரியாக் வட்டாரம் தொடர்கிறது. தலைமையிடம் பலானா. திகில், பென்ஷினா, ஒலியுத்தோர், கராகா என நான்கு மாவட்டங்கள்.

பரப்பு ஏறத்தாழ 3 லட்சம் சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட இத்தாலி அளவு. 2002-இல் அதில் இருந்த மொத்த மக்கள் சுமார் 25,000. அதிலும் கோரியாக் மக்கள் சிறுபான்மையே, பாதிக்கு மேல் ரஷ்யர்கள். பழைய கட்டுரைகளில் "கோரியாக் தன்னாட்சி வட்டாரம், ரஷ்யக் கூட்டமைப்பின் உறுப்பு" என்று கண்டால் அது 2007-க்கு முந்தைய நிலை என்று கொள்க.

கோரியாக் ஒரே மொழியா, பல மொழிகளா?

சுக்சி-கம்சாத்கா என்ற சிறு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுக்சி, கோரியாக், அலுத்தோர், கெரெக் ஆகியவை நெருங்கிய உறவினர். இவற்றில் கெரெக் இப்போது பேசுவார் இன்றிப் போய்விட்டது. இத்தெல்மென் தூரத்து உறவு. அது உறவுதானா, நெடுநாள் பக்கத்து வீட்டுப் பழக்கமா என்று கேட்ட அறிஞர்களும் உண்டு.

கோரியாக் என்ற தலைப்பின் கீழ் சாவ்சுவென், அபுகா, பாரென், இத்கான், கமென், பலானா, கராகா முதலிய பேச்சுகளை வைப்பார்கள். அலுத்தோர் நெடுங்காலம் அதன் கிளையாகவே எண்ணப்பட்டது. இன்று மொழியியலார் தனிமொழியாகக் கொள்கிறார்கள். ஆனால் அலுத்தோர் பேசுபவர்கள் அரசு ஆவணத்தில் பெரும்பாலும் "கோரியாக்" என்றே பதிவாகிறார்கள்.

யார் எந்தப் பேச்சுக்காரர் என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. வீடு அல்லது கூடாரத்துக்கு என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். சுக்சியில் "யாரங", சாவ்சுவெனில் "யாயங", அலுத்தோரில் "ராரங". பனிமான் இதே வரிசையில் "கோரங", "கோயாங", "குரங". ர், ய் இரண்டும் எங்கே நிற்கின்றன என்று பார்த்தாலே பாதி வரைபடம் கிடைத்துவிடும். மத்தளம் போலன்றி ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய அவர்களது பறை, சுக்சியில் "யாரர்", சாவ்சுவெனில் "யாயய்".

தமிழ் பேசுபவருக்கு எந்த ஒலிகள் எளிது, எவை கடினம்?

எளிதானவற்றை முதலில் சொல்லிவிடலாம். தமிழைப் போலவே இங்கும் வல்லினத்தில் ஒலிப்புள்ள எழுத்து தனியாக இல்லை: ப், த், க் உண்டு, அவற்றுக்கு எதிராகத் தனி ஒலியன்களாக நிற்கும் அழுத்தமான பகர, தகர, ககரங்கள் இல்லை. ஸ், ஷ் போன்றவை ரஷ்யக் கடன்சொற்களில்தான் வரும். சொல்லின் முதலில் வரும் "ங்" பலருக்கும் தொண்டையில் சிக்கும், நமக்குச் சிக்காது. "ஙப்போல் வளை" என்று படித்தவர்கள்தாமே. இரண்டு என்பதற்கான "ஙச்செக்" என்ற சொல்லைச் சொல்லிப் பார்க்கலாம்.

கடினம் மூன்று இடத்தில். முதலாவது, சாதாரண ககரத்தை விடப் பின்னால், உள்நாக்கில் ஒலிக்கும் ககரம். இரண்டாவது, அடித்தொண்டை நெரிந்து வரும் ஓர் ஒலி. மூன்றாவது, நாக்கின் அடிப்பகுதி உரசி வரும் ககரம். குர்ஆன் ஓதப் பயின்ற தமிழ் முஸ்லிம்களுக்கு இந்த மூன்றும் புதிதல்ல: காஃப், ஐன், கைன் ஆகிய அரபு எழுத்துகளின் ஒலிகளுக்கு இவை மிக நெருக்கம். மற்றவர்கள் அந்த மூன்றையும் நன்றாக ஓதத் தெரிந்த ஒருவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பழகினால் பெரும் தடை நீங்கும்.

இவை தவிர அரைகுறையாக ஒலிக்கும் ஓர் உயிர் எங்கும் வருகிறது. அகரமும் அல்ல, குற்றியலுகரமும் அல்ல. இந்தப் பக்கத்தில் அதை அகரத்தாலேயே எழுதியிருக்கிறோம். "அன்னென்" (ஒன்று) என்பதன் முதல் எழுத்தை முழு அகரமாக நீட்டிச் சொன்னால் தவறு. உதடும் நாக்கும் அசையாமல் விட்டுவிட வேண்டும்.

எந்த எழுத்தில் எழுதுகிறார்கள்? கணினியில் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிகிறது?

1930-களின் தொடக்கத்தில் லத்தீன் எழுத்தில் பாடநூல்கள் வந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ரஷ்ய எழுத்துக்கு மாற்றிவிட்டார்கள். எழுத்து மொழிக்கு அடிப்படை சாவ்சுவென் பேச்சு. தொடக்க காலத்தில் உழைத்த மொழியியலார் செர்கேய் ஸ்தெப்னித்ஸ்கி; முதல் கோரியாக் எழுத்தாளராகச் சொல்லப்படுபவர் கெத்சாய் கெக்கெத்தின். இருவருமே இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்தனர். அந்த இழப்பு எழுத்திலக்கியத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின்தள்ளியது.

ரஷ்ய எழுத்துகளோடு நான்கு கூடுதல்: கொக்கி போட்ட "கா", கொக்கி போட்ட "என்", மேற்குறி போட்ட "வே", மேற்குறி போட்ட "கே". கொக்கி எழுத்துகள் இரண்டும் யூனிகோடில் தனி எழுத்தாக இருக்கின்றன. பழைய எழுத்துருவில் அவை இல்லாததால்தான் கட்டம் தெரிகிறது, எழுத்துருவை மாற்றினால் போதும்.

மேற்குறியில்தான் உண்மையான தலைவலி. ஒருவர் சாதாரண ஒற்றை மேற்கோள் குறியைப் போடுவார், இன்னொருவர் வளைந்த மேற்கோளை, மூன்றாமவர் எழுத்தாகக் கருதப்படும் மேற்குறியை. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு மூன்று. தேடினால் கிடைக்காது, வரிசைப்படுத்தினால் குழம்பும், மேற்கோளாக எண்ணிச் சொல்லை நடுவில் முறித்துவிடும். சொற்பட்டியல் தொகுப்பவர்கள் தொடங்குமுன் எழுத்தாகக் கருதப்படும் மேற்குறியைத் தேர்ந்தெடுத்து, வந்து சேரும் எல்லாக் கோப்பையும் அதற்கு மாற்றிவிட வேண்டும். மொழிக் குறியீடு கேட்கும் இடத்தில் கோரியாக்குக்கு கே-பி-ஒய், அலுத்தோருக்கு ஏ-எல்-ஆர். இரண்டையும் ஒரே கோப்பில் கலந்தால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

இலக்கணத்தில் தமிழருக்கு எது புதிதாக இருக்கும்?

ஒட்டுநிலை மொழி என்பதால் சொல்லின் பின்னால் உருபு சேர்வது பழகியதுதான். ஆனால் இங்கே முன்னாலும் சேரும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேரும். எதிர்மறைக்கு வினை வேரின் முன்னால் "அ", பின்னால் "கா" (சில வேர்களில் "எ", "கெ"). பாதி ஒட்டை மட்டும் கேட்டுவிட்டுப் பொருள் கொள்வது புதிதாகக் கற்பவர்கள் செய்யும் முதல் தவறு.

எண்ணில் ஒருமை, இருமை, பன்மை என மூன்று. "கம்மோ" நான். "முயி" நாங்கள் இருவர். "முயு" நாங்கள் பலர். "துயி" நீங்கள் இருவர், "துயு" நீங்கள் பலர். நமக்கு "நாம்", "நாங்கள்" என்ற வேறுபாடு இருக்கிறது. அது அங்கே இல்லை. கேட்பவரைச் சேர்த்தா, விட்டுவிட்டா என்பதை நாம் கவனிப்போம். இரண்டு பேரா, அதற்கு மேலா என்பதை அவர்கள் கவனிப்பார்கள். சுக்சியில் இந்த இருமை இல்லை என்பதால் இரு மொழியையும் பிரித்தறியவும் இது உதவும்.

அடுத்தது எழுவாய் வேற்றுமை. "நான் வந்தேன்" என்றால் "கம்மோ". "நான் அதைப் பார்த்தேன்" என்றால் "கம்னான்". செயப்படுபொருள் குன்றிய வினைக்கு ஓர் எழுவாய், குன்றா வினைக்கு வேறோர் எழுவாய். இந்தி படித்தவர்களுக்கு "நே" நினைவுக்கு வரும். ஆனால் இந்தியில் அது கடந்தகாலம் சார்ந்த வடிவங்களோடு நின்றுவிடும். கோரியாக்கில் எல்லாக் காலத்திலும் வரும். போதாததற்கு வினைமுற்று எழுவாயோடு மட்டும் ஒத்துப்போவதில்லை, செயப்படுபொருளையும் தன் மேல் காட்டும். "நான் உன்னைப் பார்த்தேன்" என்பது ஒரே வினைச்சொல்லில் அடங்கிவிடும்.

பெயரை வினைக்குள் விழுங்குவதுதான் இம்மொழியின் அழகு. தமிழில் "மீன்பிடித்தேன்", "தலைமுழுகினான்" என்று சொல்கிறோமே, அதை இன்னும் ஓர் அடி கொண்டுபோங்கள். "நான்" என்பதைக் காட்டும் "த்" முதலில், அதன் பின் "கோயா" என்ற பனிமான் வேர், பிறகு கொல் என்ற வேர், கடைசியில் விகுதி. எல்லாம் ஒரே சொல். இப்படிச் சேர்ந்தவுடன் வினை செயப்படுபொருள் குன்றியதாக மாறிவிடுகிறது. ஆகவே "கம்னான்" போய் "கம்மோ" வந்து நிற்கும். குறிப்பிட்ட ஒரு மானை அறுத்தேன் என்றால் பிரித்துச் சொல்வார்கள். மான் அறுக்கும் வேலையில் இருந்தேன் என்றால் சேர்த்துச் சொல்வார்கள். இந்த நுட்பத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால் இலக்கணப் பிழை இராது, பொருள்தான் தவறிப்போகும்.

இரட்டைக்கிளவி போல ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் அது ஒலிக்குறிப்பு அல்ல. சில பெயர்ச்சொற்களின் ஒருமை வடிவில் வேர் மறுபடி வரும். நண்பன் "தும்கதும்", நண்பர்கள் "தும்கு". நூல், கடிதம் என்ற பொருளில் வழங்கும் "கலிகல்" என்ற சொல்லும் அப்படித்தான். அதன் வேர் கோலம் போடுதல், செதுக்குதல் என்ற பொருளுடையது. எழுத்து வந்தபோது புதுச்சொல் தேடாமல் தோலிலும் தந்தத்திலும் போட்ட வேலைப்பாட்டின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். நம் வழக்கோடு ஒப்பிட்டால், இரட்டிப்பது பன்மை என்று எண்ணத் தோன்றும். இங்கே தலைகீழ்.

எண்களை எப்படி எண்ணுவது?

அன்னென் (1), ஙச்செக் (2), ஙயோக் (3), ஙயாக் (4), மல்லஙென் (5). ஐந்து என்பது "கை" என்ற வேரிலிருந்து பிறந்தது. ஆறு "அன்னன்மல்லஙென்", ஒன்றும் ஐந்தும். எட்டு "ஙயோக்மல்லஙென்", மூன்றும் ஐந்தும். பத்துக்கான "மன்கதக்" மறுபடியும் கைதான். இருபதுக்கான சொல் "ஆள்" என்ற வேரோடு உறவுடையது: கைவிரலும் கால்விரலும் தீர்ந்தால் ஓர் ஆள்.

இரண்டு எச்சரிக்கை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இருப்பது ஓர் உயிரெழுத்து வேறுபாடு மட்டுமே. மான் எண்ணும் இடத்தில் ஓகாரத்தை ஆகாரமாகச் சொல்லிவிட்டால் கணக்கில் ஒரு மான் கூடிவிடும். அடுத்து, ஆறில் "அன்னென்" என்பது "அன்னன்" ஆனதைக் கவனியுங்கள். சில வேர்கள் வலுவானவை. பக்கத்தில் வரும் உயிர்களைத் தம் வசம் இழுக்கும். இந்த உயிரிசைவு சுக்சியில் கறாராக இருக்கிறது, சாவ்சுவெனில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அலுத்தோரில் இல்லவே இல்லை.

பனிமான் மேய்ச்சல் எப்படி நடக்கும்?

ஆண்டுக்கு நான்கு பெரிய இடப்பெயர்ச்சி. வசந்தத்தில் குட்டி ஈனுமுன், மான் மேயும் லைக்கன் (கற்பாசி) உள்ள நிலத்துக்கு. கோடையில் கொசுவும் கடிக்கும் ஈக்களும் குறைந்த, காற்று வீசும் உயரங்களுக்கு அல்லது கடலோரத்துக்கு. இலையுதிர் காலத்தில் மான் அறுக்கும் முகாம் அருகே. குளிர்காலத்தில் முகாமைச் சுற்றிச் சிறு சிறு நகர்வுகள். மரபாக மேய்ச்சலுக்கு நாய் வைத்துக்கொள்வதில்லை. சுருக்குக் கயிறும் கால்வலிமையும்தான் கருவி. பால் கறப்பதும் இல்லை. மான் இறைச்சிக்கும் தோலுக்கும் வண்டி இழுக்கவும்.

மந்தை அழியும் வழிகள் பல. மிக மோசமானது நடுக்குளிரில் வரும் மழை. பனியின் மேல் பெய்த மழை உறைந்து கெட்டித் தகடாகிவிடும். குளம்பால் தோண்டி லைக்கனை எட்ட முடியாமல் மான்கள் உணவின் மேலேயே நின்று பட்டினி கிடக்கும். அந்த நிலையில் தகடு விழாத இடம் தேடி உடனே நகர வேண்டும். ஈரமான வெப்பக் கோடையில் குளம்பழுகல் நோய் வரும். ஒரே நிலத்தில் அதிக நாள் நின்றால் லைக்கன் தீரும். அது திரும்ப வளரப் பத்தாண்டுகள் கணக்கில் ஆகும் என்பதால் அந்தத் தவறை அடுத்த தலைமுறைதான் சுமக்கும். காட்டுப் பனிமான் கூட்டம் அருகே வந்தால் வீட்டு மான்களும் அதோடு ஓடிவிடும்.

கடலோரக்காரர்கள் வீட்டுக்குள் கூரை வழியாக இறங்கினார்களா?

ஆம், குளிர்காலத்தில். நிமிலான் மக்களின் பழைய வீடு பாதி மண்ணுக்குள் புதைந்த, எண்கோணத் தோற்றமுள்ள மரவீடு. நீளம் 15 மீட்டர், அகலம் 12 மீட்டர், உயரம் 7 மீட்டர் வரை போகும். பல குடும்பங்கள் ஒன்றாக இருந்தன. கோடையில் பக்கவாட்டு நடை வழி. குளிரில் அதைப் பனி மூடிவிடும். அப்போது புகைபோகும் துளைதான் வாசல். கால்விரல் பதியக் குழி வெட்டிய ஒற்றைக் கட்டை ஏணி. அடுப்பு நேர் கீழே எரிவதால் ஏறும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, பிடி நழுவாமல் வேகமாக ஏற வேண்டும்.

கூரையின் மேல் தலைகீழாகக் கவிழ்த்த குடை போல விரிந்த பலகை அமைப்பு ஒன்று பழைய படங்களில் தெரியும். அலங்காரம் அல்ல. காற்று அடித்துக்கொண்டு வரும் பனியை வாசல் துளைக்குள் விழாமல் விலக்கிவிடும் தடுப்பு அது. வால்டெமார் யோகெல்சன் என்ற இனவியலார் 1900–1901 குளிரில் இந்த வீடுகளில் தங்கி அளந்து எழுதியிருக்கிறார். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்திய ஜெசப் ஆய்வுப் பயணத்தின் பகுதி அது. 

உள்நாட்டவரின் "யாயங" வேறு: கழிச் சட்டத்தின் மேல் மான்தோல் போர்த்திய, பிரித்துக் கட்டக்கூடிய கூடாரம். உள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தோலால் மூடிய சிறு படுக்கையறை தனியாக இருக்கும். மூச்சின் சூடே அதை வெதுவெதுப்பாக்கிவிடும்.

அவர்களின் தோலுடை எப்படித் தயாராகிறது?

சரியான தோலை எடுப்பதில்தான் பாதி வேலை. கோடை முடிவிலும் இலையுதிர் தொடக்கத்திலும் அறுத்த இளமானின் தோல்தான் உடுப்புக்கு உதவும், ஏனென்றால் அப்போது மயிர் குட்டையாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். நடுக்குளிர் தோல் பார்க்கக் கனமாக, கதகதப்பாகத் தெரியும். ஆனால் மயிர் உதிரும், தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அது படுக்கைக்கு.

உலர்த்திய தோலின் உட்புறத்தை, நீளக் கம்பின் நடுவில் கல் அல்லது இரும்பு அலகு பொருத்திய சுரண்டியால் இரு கையாலும் அழுத்திச் சுரண்ட வேண்டும். பிறகு ஈரமாக்கும் கலவை பூசி மடித்து வைத்து, மறுபடி சுரண்டி, கையாலும் காலாலும் கசக்கி மென்மையாக்குவார்கள். ஆல்டர் மரப்பட்டைச் சாறு செம்பழுப்பு நிறம் கொடுக்கும். தைக்கும் நூல் மானின் முதுகுத் தசைநாரைப் பிரித்துத் திரித்தது.

குளிர்கால மேலுடை இரட்டை: உள்ளுடையில் மயிர் உடம்பைப் பார்த்து, வெளியுடையில் மயிர் வெளியே பார்த்து. நடுவில் நிற்கும் காற்றுதான் உண்மையான போர்வை. வெளியிலிருந்து வந்தவர் கூடாரத்துக்குள் நுழையுமுன் உடையிலும் காலணியிலும் ஒட்டிய பனியைக் கொம்பால் செய்த தட்டுக்கோலால் அடித்து உதற வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே உள்ளே போனால் பனி உருகி மயிரில் இறங்கும். மறுநாள் வெளியே போனதும் அது உறைந்து உடை பலகையாகிவிடும்.

என்ன சாப்பிடுவார்கள்?

உள்நாட்டில் மானிறைச்சி, கடலோரத்தில் சால்மன் மீனும் கடல்நாய் இறைச்சியும் கொழுப்பும். இரு சாராரும் தம்மிடம் மிஞ்சியதைக் கொடுத்து மற்றதை வாங்கிக்கொண்டார்கள். மான்தோலுக்குக் கடல்நாய்க் கொழுப்பும் வார்த்தோலும் என்பது நெடுங்காலப் பண்டமாற்று. சால்மனைக் கீறி நிழலில் காற்றாட உலர்த்திய "யுக்கோலா" மனிதருக்கும் வண்டிநாய்க்கும் குளிர்கால உணவு. மீன் ஏறும் பருவத்தில் விடாமல் மழை பெய்தால் மீன் உலராமல் புழு வைக்கும், அந்தக் குளிர்காலம் நாய்களுக்குக் கஷ்டகாலம். விருந்துக்கு "தல்கூஷா": கிழங்கு, காட்டுப் பழம், மீன் அல்லது மீன்முட்டை, கடல்நாய்க் கொழுப்பு எல்லாம் சேர்த்து இடித்தது.

சிவப்புக் காளான் பற்றிய கதை உண்மையா?

வெள்ளைப் புள்ளி போட்ட அந்தச் சிவப்புக் காளானை உலர்த்தி மயக்கப் பொருளாகப் பயன்படுத்தியதை யோகெல்சன் உட்பட நேரில் கண்ட பலர் எழுதியிருக்கிறார்கள். அதன் பெயர் "வாபக்". ஆனால் இணையத்தில் கோரியாக் என்று தேடினால் முதலில் வருவதே இதுதான் என்பது எரிச்சலூட்டும் விஷயம். அது நச்சுக் காளான். உலர்த்தும்போது அதிலுள்ள ஐபோடெனிக் அமிலத்தில் ஒரு பங்கு மஸ்கிமோலாக மாறுகிறது, எவ்வளவு என்பது காளானுக்குக் காளான் வேறுபடும். முயன்று பார்க்கவே கூடாது.

அவர்கள் கதைகளில் அண்டங்காக்கை ஏன் எங்கும் வருகிறது?

குய்கின்யாக்கு, அதாவது பெரிய அண்டங்காக்கை, உலகை ஒழுங்கு செய்த முதல் தாத்தா. அதே சமயம் பேராசைக்காரர், பொய்யர், அடிக்கடி ஏமாறுபவர். மனைவி மித்தி அவரைவிடக் கெட்டி. மகன் எமெம்குத், மகள் யின்யானியவ்குத். புனிதர் என்று வணங்கவும் செய்வார்கள், ஆபாசமாகக் கேலியும் செய்வார்கள். இரண்டும் முரண் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இத்தெல்மென் மக்களிடம் இவரே குத்கு. கடலுக்கு அப்பால் வட அமெரிக்காவின் வடமேற்குக் கரைத் தொல்குடிகளிடமும் அண்டங்காக்கைக் கதைகள் இருப்பதால்தான் ஜெசப் பயணம் இரு கரையையும் ஒப்பிடப் புறப்பட்டது.

கோலோலோ என்பது என்ன விழா?

நிமிலான் மக்கள் இலையுதிர் காலத்தில், கடல்வேட்டை முடிந்தபின் எடுக்கும் நன்றி விழா. பிடிபட்ட கடல்நாய்களின் உயிர்களை உபசரித்து, மறு ஆண்டு திரும்பி வரும்படி கடலுக்கே அனுப்பிவைப்பது அதன் உட்கருத்து. பாட்டும் பறையும் விடியும்வரை நடக்கும். லெஸ்னாயா ஊரில் இது பெயர்பெற்றது. மேடையில் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் 1965-இல் தொடங்கிய "மெங்கோ" நடனக் குழுவின் வடிவம். அது சிறந்த கலை, ஆனால் வீட்டுச் சடங்கு வேறு.

மொழி ஏன் இவ்வளவு வேகமாகத் தேய்ந்தது?

மூன்று அடி அடுத்தடுத்து விழுந்தன. மந்தைக்காரர்களின் பிள்ளைகளை ஏழு, எட்டு வயதில் விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எல்லாம் ரஷ்யன். விடுமுறைக்குத் திரும்பிய பிள்ளைக்கும் பாட்டிக்கும் நடுவே பேச்சு அறுந்தது. அடுத்து, சிற்றூர்களை "எதிர்காலம் இல்லாதவை" என்று மூடிப் பெரிய ஊர்களில் சேர்த்தார்கள். அனாப்கா, கிச்சிகா, ரெகின்னிகி ஆகியவை அப்படி மறைந்த அலுத்தோர் ஊர்கள். ஒரே பேச்சு பேசியவர்கள் பல ஊர்களில் சிதறியதும் பொதுமொழியாக ரஷ்யனே மிஞ்சியது. 

மூன்றாவதைப் பலர் சொல்வதில்லை. பள்ளியில் கற்பித்த "கோரியாக்" சாவ்சுவென் பேச்சு. வீட்டில் நிமிலான் அல்லது அலுத்தோர் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது அந்நியம். ஆசிரியர் "தவறு" என்று திருத்தியது அந்தப் பிள்ளையின் தாய் சொன்ன வடிவத்தை. இப்படி மொழிப்பாடமே ஓரளவு மொழியைக் கைவிட வைத்தது.

வெளியாள் ஒருவர் கற்க விரும்பினால் எங்கே தொடங்குவது?

முதலில் எந்தப் பேச்சு என்று முடிவு செய்க. நூலும் அகராதியும் வேண்டுமென்றால் சாவ்சுவென். குறிப்பிட்ட ஊர்க்காரரோடு பேசத்தான் என்றால் அவர்கள் பேச்சு.

பிறகு ரஷ்யன், வாசிக்கும் அளவுக்காவது. நல்ல இலக்கணங்கள், குறிப்பாக அலெவ்தீனா ஷுக்கோவா 1972-இல் வெளியிட்ட கோரியாக் இலக்கணம், ரஷ்யனில்தான் உள்ளன. ஆங்கிலத்தில் ரஷ்ய இனவியலார் போகோராஸ் 1917-இல் பதிப்பித்த கோரியாக் கதைகள் உண்டு. ஆனால் அதில் இன்றைய எழுத்துமுறை இல்லை, பல பேச்சுகள் கலந்திருக்கும். அதை வைத்துச் சொல் கற்றால் நாலு ஊர்ச் சொல் ஒரே வாயில் வரும்.

வரிசை இப்படி இருந்தால் சறுக்காது: உள்நாக்கு ககரமும் அரைகுறை உயிரும், இருமையோடு மூவிடப் பெயர்கள், செயப்படுபொருள் குன்றிய வினைகள், அதன் பிறகே குன்றா வினை. பலர் குன்றா வினை அட்டவணையில் முதலிலேயே இறங்கி, இரண்டு வாரத்தில் மூட்டை கட்டிவிடுகிறார்கள். கோரியாக் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் முக்கிய இடம் சாங்க்த் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள ஹெர்சன் பல்கலைக்கழகத்தின் வடபுல மக்கள் நிறுவனம்.

பார்த்தவுடன் என்ன சொல்லி வணங்குவது?

சாவ்சுவெனாரிடம் "மெய்". கூட்டமாக இருந்தால் "மெய், தும்கு", அதாவது "வணக்கம், நண்பர்களே". "அம்தோ" என்பதையும் கம்சாத்காவில் நிறையக் கேட்கலாம். 

அங்கே போவது எப்படி?

பெத்ரோபாவ்லோவ்ஸ்க்-கம்சாத்ஸ்கியிலிருந்து பலானா, ஒசோரா, திலிச்சிகி ஆகிய ஊர்களுக்குச் சிறு விமானம் அல்லது ஹெலிகாப்டர். ஆண்டு முழுவதும் ஓடக்கூடிய சாலை கிடையாது. மூடுபனியோ பனிப்புயலோ வந்தால் நாள்கணக்கில் பறக்காது, எனவே திரும்பும் பயணச்சீட்டை நெருக்கமாகப் போடாதீர்கள். பழைய வரைபடத்தில் கோர்ஃப் என்ற ஊரைக் கண்டு அங்கே தங்கத் திட்டமிட வேண்டாம். 2006 ஏப்ரலில் வந்த 7.6 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகு அவ்வூர் மக்களை வளைகுடாவுக்கு எதிர்ப்புறம் திலிச்சிகிக்கும் பிற இடங்களுக்கும் குடியேற்றிவிட்டார்கள். ஊர்ப்பெயர்களில் "வாயம்" என்று முடிவதைக் கண்டால், அச்சைவாயம் போல, அது ஆற்றின் பெயரால் வந்த ஊர்: "வாயம்" என்றால் ஆறு. பலானாவுக்குத் தொலைபேசியில் அழைப்பதாக இருந்தால் அங்கே கடிகாரம் இந்திய நேரத்தைவிட ஆறரை மணி நேரம் முந்தி ஓடும்.